தூரத்தில் கத்திய நாற்காலி

அத்தியாயம் 9

கொக்கி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தார்.

"இன்னொரு தடவை கேளுங்க மச்சான்," என்றான் ஊசி. "கேட்டுக் கேட்டு அதுக்கே அலுத்துப் போய், பேரைச் சொன்னாலும் சொல்லிடும்."

"வாயை மூடு மாப்ளே."

"மூடிட்டேன். காதையும் சேத்து மூடிக்கலாமா? அது வாயைவிடக் களைச்சுப் போச்சு."

கொக்கி இடது தோளைப் பிசைந்துகொண்டார். சரக்குக் கொட்டடியில் இரும்புக் கொக்கி போட்டு மூட்டை இழுத்த காலத்தில் இறங்கிய தோள் அது. பேர் அந்தக் கொக்கியால் வந்தது. மூட்டை தூக்க முடியாமல் போன பிறகு, காணாமல் போன மூட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் போய், துப்பறிகிற வேலை அவரோடு ஒட்டிக்கொண்டது. ஊசி அவர் மனைவியின் தம்பி. வயது நாற்பதை நெருங்கிவிட்டது. வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டவில்லை.

காலையிலிருந்து இருவரும் இந்த அறையில்தான் கிடந்தார்கள். சுவர் பூராவும் பழைய கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தது. நடுவில் மேசை, மேசைமேல் ஒரு கண்டென்சர் மைக், லேப்டாப். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு மர நாற்காலி. அந்தப் பக்கம் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். மின்விசிறி போட்டால் சத்தம் வரும் என்று அதையும் கழற்றி வைத்திருந்தார்கள். புழுக்கம் ஆளைப் பிழிந்தது.

வழக்கு சுருக்கமானது. ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது மூடினால்தான் மெஷின் இறங்கும். ஆள் கை உள்ளே மாட்டாமல் இருக்க. ஒவ்வொரு தகட்டுக்கும் அதைத் திறந்து மூடினால் நேரம் போகிறது என்று யாரோ அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். வேலை வேகமாக ஓடியது. ஒரு நாள் ஆபரேட்டரின் வலது கை மணிக்கட்டோடு போனது.

கழற்றியது யார்? தடுப்பைக் கழற்றும் சாவி இரண்டு பேரிடம்தான். ஒருவன் ஃபிட்டர். இன்னொருவர் அவனுடைய சொந்த அண்ணன், அந்த ஷிஃப்ட்டின் சூப்பர்வைசர். ஷாப்பில் கேட்டால் யாரும் பார்க்கவில்லை. கேமரா ரிப்பேராம். கொக்கி நாலு நாள் அலைந்து செருப்பைத் தேய்த்ததுதான் மிச்சம்.

கையில் இருந்தது ஒரே ஒரு பதிவு. அதைக் கேட்டு நிர்வாகம் ஃபிட்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டது. மதியச் சங்கு ஊதியதும் விசாரணை. விசாரணை முடிந்ததும் போலீஸ்.

"தங்கச்சி, அன்னிக்கு நடந்ததை மறுபடி சொல்லு," என்றார் கொக்கி.

வாசற்படியில் நின்ற ஃபிட்டரின் மனைவி பெருமூச்சு விட்டாள். இவர்களை அழைத்து வந்தவள் அவள்தான். பகலில் எலக்ட்ரானிக் கம்பெனியில் போர்டுகளுக்கு ஈயம் வைப்பாள். ஓய்ந்த நேரத்தில், கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்புவாள். உள்ளங்கையில் பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்புகள்.

"எத்தனை தடவைண்ணே? கை போன மறுநாள். பாடம் வாசிச்சுட்டு இருந்தேன். மழை வந்துச்சு. மாடியில துணி. ரெக்கார்டிங்கை நிறுத்தாம ஓடிட்டேன். திரும்பி வந்தா ரெண்டு பேரும் உள்ள. இவர் இந்த நாற்காலியில. மாமா, அதான் இவரோட அண்ணன், அந்தக் கட்டில்ல. ரெண்டு பேர் மூஞ்சியும் செத்துப் போயிருந்துச்சு. ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது."

பதிவில் மொத்தமே நாலைந்து வாக்கியம். கொட்டுகிற மழை. கதவு சாத்தும் சத்தம். எங்கோ ஒரு 'கீச்'. பிறகு காதுக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல் ஓர் ஆண் குரல்: "தடுப்பைக் கழட்டினது நான்தான். யாரும் பாக்கல. இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது." கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் இன்னொரு ஆண் குரல்: "கை போயிடுச்சே... அவனுக்குக் கை..." மறுபடியும் பக்கத்துக் குரல்: "போனது போச்சு." அவ்வளவுதான்.

"அண்ணன் தம்பிக்கு ஒரே குரல்," என்றார் கொக்கி. "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஒரு 'அண்ணே' கிடையாது, ஒரு 'தம்பி' கிடையாது, 'நீ'யும் இல்ல, 'நீங்க'ளும் இல்ல. இப்படி ஒரு பேச்சை உலகத்துல யாராவது பேசுவானா?"

"புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுட்டு அப்படித்தான் பேசுவாங்க," என்றான் ஊசி. "சுவத்தைப் பார்த்து. அக்காவும் நீங்களும் பேசுறதைக் கேட்டிருக்கேன்."

"போன்ல பேசினா எங்க மாமியாருக்கே யாருன்னு தெரியாது," என்றாள் அவள். "அதனாலதான் எல்லாரும் இடத்தை வெச்சு முடிவு பண்றாங்க. மைக் முன்னாடி இருந்தவர் குரல் பக்கத்துல கேக்கும். முன்னாடி இருந்தது என் வீட்டுக்காரர். நானே பார்த்தேன், நானே சொன்னேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறார். ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. அதுக்கு நாலு அறை குடுத்திருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"பதிவு நிர்வாகத்துக்கு எப்படிப் போச்சு?"

"மாமாதான். 'எங்கிட்ட குடும்மா, நான் பார்த்துக்கிறேன்'னாரு. குடும்பத்துக்கு மூத்தவராச்சே, காப்பாத்துவாருன்னு குடுத்தேன். நேரா மேனேஜர்கிட்ட கொண்டு போயிட்டாரு."

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டாரு," என்றான் ஊசி.

கொக்கி எரிச்சலோடு மைக்கைப் பார்த்தார். கட்டை விரலைவிடத் தடித்த குழல், மேலே கம்பி வலைத் தலை. குழலில் நாற்காலியைப் பார்த்தபடி ஒரு சின்ன வெள்ளி முத்திரை. பிடிக்க வேறு நுனி எதுவும் இல்லாததால் அதையே பிடித்தார்.

"இது நல்ல மைக்கா?"

அவள் முகம் சட்டென்று சிவந்தது. "அந்த வயித்தெரிச்சலை ஏன் கேக்குறீங்க? மலிவு மைக். 'ச' சொன்னா ஆணி மாதிரி காதுல குத்தும். நெட்ல ஒருத்தர் படம் போட்டிருந்தார். அதைப் பார்த்து நானே சர்க்யூட்டை மாத்தினேன். நாலு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். குத்தல் நின்னுபோச்சு. ஆனா அன்னியிலிருந்து என் குரல் பக்கத்து வீட்டுல இருந்து பேசற மாதிரி இருக்கு. தெருச் சத்தம் பூராவும் உள்ள வருது. ஜன்னல் பக்கம் இதோட முதுகு இருக்கட்டும், முதுகுல இதுக்குக் காது மந்தம்னுதான் இந்த மைக்கையே வாங்கினேன்."

"பாகம் தப்பா?"

"அப்படித்தான் நினைச்சேன். அடிக்குழலை மட்டும் கழட்டி, போர்டை வெளிய எடுத்து, மறுபடி மறுபடி மாத்திட்டேன். வேற கெப்பாசிட்டர், வேற ரெசிஸ்டர். விரல் பட்ட அழுக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். ஒண்ணும் சரியாகல. ஸ்டூடியோவுல 'குரல் தூரத்துல இருக்கு'ன்னு பாடம் பாடமா திருப்பி அனுப்புறாங்க. ஈயம் வெச்ச இடத்துல ஒரு குறை காட்டச் சொல்லுங்க, இந்தக் கையை வெட்டிக்கிறேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை போன ஆபரேட்டர் அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது.



"அண்ணே, உங்களைக் கூப்பிட்டது மைக் ரிப்பேருக்கு இல்லை," என்றாள் அவள். "சங்கு ஊதப் போகுது. அவர் உள்ள போயிட்டா நான் யாரைப் பிடிச்சு நிப்பேன்? கழட்டினது அவர்தான்னா அதையாவது நிச்சயமா சொல்லிடுங்க. அதைத் தாங்கிக்கிறேன். தெரியாம இருக்கத்தான் முடியல."

கொக்கி ஜன்னல் பக்கம் போய் நின்றார். கைவசம் ஒன்றும் இல்லாதபோது அவர் அப்படித்தான் போய் நிற்பார்.

"நின்னு நின்னு கால் கழண்டு போச்சு," என்று சொல்லியபடி ஊசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

கீ... ரீ... ரீச்!

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஊசி துள்ளி எழுந்தான். எழுந்ததற்கும் ஒரு கீச்.

"என்னக்கா இது, நாற்காலியா, கூண்டுல அடைச்ச கழுதையா?"

"மூட்டு விட்டுப் போச்சு. நான் வாசிக்கிறப்ப ஆடாம உக்காந்துக்குவேன். இல்லாட்டி அதுதான் பாடம் நடத்தும்."

கொக்கி திரும்பினார். "மாப்ளே, மறுபடி உக்காரு."

"வேணாம் மச்சான், அதுக்கு வலிக்குது."

"உக்காருடா!"

ஊசி உட்கார்ந்தான். நாற்காலி ஊரைக் கூட்டியது. கொக்கி ஓடிவந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பதிவை ஓடவிட்டார். மழை. கதவு. அந்த 'கீச்'. நிறுத்தி, திரும்ப அதையே ஓடவிட்டார். அவர் முகத்தில் நாலு நாளாக இல்லாத ஒன்று வந்தது.

"தங்கச்சி, அன்னிக்கு உன் வீட்டுக்காரர் இந்த நாற்காலியிலதானே?"

"ஆமா."

"அவர் உக்காந்ததும் இது கத்தியிருக்கணும்."

"கத்தாம இருக்குமா?"

"கத்தியிருக்கு. ஆனா எங்க கத்துது? தெருக்கோடியில கத்துது. நாற்காலி தூரத்துல இருக்கு. அதுல உக்காந்திருக்கிற மனுஷன் குரல் மட்டும் காதுக்குள்ள இருக்கா? உக்காந்த இடத்தை விட்டுட்டு வாய் மட்டும் தனியா நடந்து வந்துச்சா?"

அவள் நாற்காலியையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அதே நேரத்துல மழை? ஜன்னல் தகரத்துல விழற ஒவ்வொரு சொட்டும் பக்கத்துல கேக்குது. மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம்னு இப்பத்தானே சொன்ன? நாற்காலிப் பக்கம் மந்தமா இருக்கு. ஜன்னல் பக்கம் கூர்மையா இருக்கு. மாப்ளே, உன் போன் லைட்டைப் போடு."

ஊசி வெளிச்சத்தைக் கம்பி வலைக்குள் அடித்தான். நாற்காலிப் பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே கறுப்பு வட்டம், அதில் இரண்டு ஒயர். கட்டில் பக்கத்திலிருந்து பார்த்தால் பொன் பூசியதுபோல் ஒரு தகடு பளிச்சென்றது.

"அக்கா, இதுல எது மூஞ்சி?"

அவள் குனிந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பளபளன்னு இருக்கிறது," என்றாள். "அதுதான் குரலை வாங்கும். அது முத்திரை இருக்கிற பக்கம் இருக்கணும்."

"திருப்பி வெச்சது யாரு?"

"நான்தான். வேற யாரு?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மொதல் தடவை சர்க்யூட் மாத்தினப்ப, தலையையும் பிரிச்சேன். திரும்ப மாட்டினேன். கம்பெனியில எனக்கு ஈயம் வெக்கிறதோட வேலை முடிஞ்சுது அண்ணே. மூடுறது அடுத்த லைன். இத்தனை வருஷத்துல ஒரு பெட்டியை நான் மூடினதில்லை. எந்தப் பக்கம் மூஞ்சின்னு பார்க்கணும்னு தோணவே இல்லை. தப்பு சர்க்யூட்டுலதான்னு போர்டைப் போட்டுக் குடைஞ்சேனே! எத்தனை பாடம் வீணாப் போச்சு!"

"அந்த மொதல் தடவை எப்போ? இந்த மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ரொம்ப முன்னாடி. ஸ்டூடியோவுலேர்ந்து திரும்பி வந்த பாடம் எல்லாம் தேதியோட கிடக்கு."

"அதுக்கப்புறம் யாரும் தலையைத் திருப்பலைன்னு எப்படித் தெரியும்?"

அவள் விரலால் காட்டினாள். தலையடியில் இருந்த திருகுகளின் மேல் காய்ந்து போன சிவப்புச் சொட்டு. "நகப்பூச்சு. எங்க கம்பெனியில மூடுறவங்க திருகு மேல மை வெப்பாங்க. பார்த்திருக்கேன். நானும் வெச்சேன். பிரிச்சா உடைஞ்சிடும்."

"மூஞ்சியைப் பார்க்கல, பொட்டை மட்டும் மறக்காம வெச்சிருக்கீங்க," என்றான் ஊசி. அவள் முறைத்ததும், "நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றான்.

வாசலில் பைக் வந்து நின்றது. சூப்பர்வைசர். தம்பியை விசாரணைக்கு அழைத்துப் போக அவரே வந்திருந்தார். காலையிலிருந்து பின்னறையிலேயே கிடந்த ஃபிட்டர் எழுந்து வந்தான். சவரம் செய்யாத முகம், வெளுத்த சட்டை. கொக்கி தன் குரலைத் தாழ்த்தி, "புதுசா ஒரு ரெக்கார்டிங்கை ஆரம்பி," என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

"என்ன, துப்பு கிடைச்சுதா?" என்றார் சூப்பர்வைசர். தம்பியின் அதே குரல். ஆனால் தம்பி தரையைப் பார்த்தான். இவர் எல்லோரையும் கண்ணுக்கு நேராகப் பார்த்தார்.

"எங்க சார்," என்றார் கொக்கி, அலுத்த முகத்தை இன்னும் அலுப்பாக்கி. "வந்த வேலை வீண். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

சூப்பர்வைசர் தயங்கவே இல்லை. நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கையால் மெத்தையைத் தட்டினார். "இங்கதான். ஜன்னலோரமா. இவன் அங்க, மைக் முன்னாடி. நான் மேனேஜர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். கூடப் பொறந்தவன்தான், என்ன பண்றது? தப்பு தப்புதானே."

"நிச்சயமா கட்டில்தானா? நாற்காலியில இல்லையே?"

"எத்தனை தடவை சொல்றது? கட்டில்தான்யா!"

"தேங்க்ஸ் சார். மாப்ளே, நீயும் ஏதாவது சொல்லு."

ஊசி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை நெருங்கி வாய் வைத்துச் சொன்னான்: "என் மச்சானுக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பட்ட பாடு..."

"போதும்." கொக்கி ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப்பே பேசட்டும் என்று, இப்போது பதிவானதை ஓடவிட்டார்.

அறை முழுக்க சூப்பர்வைசரின் குரல் நிறைந்தது. காதுக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல்: "எத்தனை தடவை சொல்றது? கட்டில்தான்யா!" அதற்குப் பின்னால், மைக்கை முத்தமிடாத குறையாகப் பேசிய ஊசியின் குரல், கிணற்றின் அடியிலிருந்து, முனகலாக.

"இந்த மைக் முதுகால பார்க்குது சார்," என்றார் கொக்கி. "முத்திரை அந்தப் பக்கம், காது இந்தப் பக்கம். பக்கத்துல கேக்கிற குரல் கட்டில்ல இருந்த ஆளோடது. கட்டில்ல இருந்தது யாருன்னு இப்ப நீங்களே அடிச்சுச் சொன்னீங்க. அதுவும் ரெக்கார்ட் ஆகியிருக்கு."

சூப்பர்வைசர் எழுந்த வேகத்தில் கட்டில் நகர்ந்தது. மைக்கை ஸ்டாண்டோடு பிடித்துத் தூக்கினார். சுவரில் அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. ஃபிட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். ஸ்பேனர் பிடித்த பிடி அது.

"கீழ வைங்கண்ணே," என்றான். நாலு நாளில் கொக்கி அவன் வாயிலிருந்து கேட்ட முதல் சொல்.

"விடுடா! உன்னை ஆளாக்கினதே நான்."

"அதுக்குத்தான் வாயை மூடிட்டு இருந்தேன். 'விசாரணையில ஒத்துக்க, பெரிய இடத்துல பேசி உன்னை வெளிய கொண்டு வரேன்'னீங்க. நம்பினேன். அவனுக்குக் கை போனது இந்த இடம், அண்ணே. இப்ப நான் பிடிச்சிருக்கிற இந்த இடம்."

சூப்பர்வைசர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். விரல்கள் தளர்ந்தன. ஊசி மைக்கைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தான்.

"வேகமா ஓட்டச் சொல்லி மேல இருந்து நெருக்கினாங்க," என்றார் சூப்பர்வைசர், யாரையும் பார்க்காமல். கண்ணுக்கு நேராகப் பார்க்கிற அந்தப் பார்வை எங்கோ போயிருந்தது. "ஒரு வாரம் ஓட்டிட்டு மாட்டிடலாம்னு..."

"மீதியை மேனேஜர்கிட்ட சொல்லுங்க," என்றார் கொக்கி. "மாப்ளே, சாரோட பைக்ல ஏறு. நேரா கம்பெனி கேட்டுல கொண்டு போய் இறக்கு. நாங்க மைக்கோட வர்றோம்."

"நான் பின்னாடி உக்காரணுமா மச்சான்? இவர் முதுகைப் பார்த்தா பயமா இருக்கு. எந்தப் பக்கம் காதுன்னு தெரியல."

பைக் போயிற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தாள். மைக்கின் தலையில் வைக்கப் போனவளைக் கொக்கி தடுத்தார்.

"தொடாதே. நகப்பூச்சு உடையக் கூடாது. மேனேஜரும் போலீஸும் கண்ணால பார்க்கிற வரைக்கும் இது இப்படியேதான் இருக்கணும்."

"அதுவரைக்கும் என் பாடமெல்லாம்?"

"கட்டில்ல உக்காந்து வாசி."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் முடியவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் பேசுவதைப் பிடிக்கக் கொக்கி மறுபடி தொடங்கிய பதிவு லேப்டாப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

ஃபிட்டர் நாற்காலியில் உட்கார்ந்தான். அது கத்தியது. இரண்டு கைகளையும் முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தரையிடம் சொன்னான்: "உங்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீயும் நான்தான்னு நினைச்சப்ப..."

"நினைச்சேன்," என்றாள் அவள். "என் கையால மாட்டின மைக்கை நம்பினேன். உங்களைக் கேட்டுப் பார்த்தேன், நீங்க பேசல."

தூரத்தில் மதியச் சங்கு ஊதத் தொடங்கியது. ஜன்னல் வழியாக அது மைக்குக்குள் நேராகப் போய் விழுந்தது. திரையில் கோடுகள் எகிறின.

அவன் மறுபடி எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அங்கேர்ந்து சொன்னா யாருக்கும் கேக்காது."